வேலைக்காக வண்டி ஓட்டும் ஊழியர்களுக்கு வகுப்பு எடுத்தால் மட்டும் போதுமா?

மழைக்குருவி:
வணக்கம். எங்கள் நிறுவனத்தில் சர்வீஸ் டெக்னீஷியன்கள், விற்பனைப் பிரிவு ஆட்கள் என்று நிறையப் பேர் தினமும் வண்டியில்தான் சுற்றுகிறார்கள், சிலருக்குக் கம்பெனி கார், பலருக்குச் சொந்த பைக். யாரும் டிரைவர் வேலைக்கு வந்தவர்கள் இல்லை, அதனால் வண்டி ஓட்டுவதும் வேலையில் சேர்ந்ததுதான் என்று இதுவரை யாருமே யோசிக்கவில்லை. பாதுகாப்புப் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. ஒரு நாள் வகுப்பு, சுவரில் போஸ்டர், வருடம் முழுக்க விபத்தில்லாமல் ஓட்டியவருக்குப் பரிசு, இதுதான் நிர்வாகத்தின் திட்டம். ஜிபிஎஸ் பொருத்துவது பற்றியும் பேச்சு இருக்கிறது. எதில் தொடங்கினால் பலன் இருக்கும்?

ஸ்டியரிங்:
வகுப்பு இருக்கட்டும். வண்டியில் போய்க்கொண்டிருக்கும் ஆளுக்கு அலுவலகத்திலிருந்து எத்தனை போன் போகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். "எங்க இருக்கீங்க, கஸ்டமர் கேட்டுக்கிட்டே இருக்கார்" என்று கூப்பிடுவது பெரும்பாலும் மேலாளர்தான், அவர் போனை எடுக்காமல் விட யாருக்குத் துணிச்சல் வரும்? 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. 4 நொடி திரையைப் பார்த்தால் 100 மீட்டர் சாலையைப் பார்க்காமலே ஓட்டியாகிவிட்டது. போன் பயன்படுத்திக்கொண்டு ஓட்டுபவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு சுமார் 4 மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம், ப்ளூடூத்தில் பேசினாலும் பெரிய வித்தியாசம் இல்லையாம், கை சும்மா இருந்தாலும் கவனம் பேச்சில் போய்விடுகிறதே. அதனால் ஓட்டுபவர் எடுக்கக் கூடாது என்று மட்டும் எழுதாதீர்கள், எதிர்முனையில் இருப்பவர் வண்டி ஓட்டுகிறார் என்று தெரிந்த நொடியே கூப்பிட்டவர் போனை வைத்துவிட வேண்டும் என்றும் எழுதுங்கள்.

தினம்_ஓட்டம்:
நான் விற்பனையில் இருப்பவன், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். காலையில் கையில் வரும் பட்டியலிலேயே பிரச்சினை இருக்கிறது. ஒரு நாளில் முடிக்கவே முடியாத அளவுக்கு இடங்களைப் போட்டுவிட்டு "மெதுவாப் போங்க" என்றால் யார் போவார்கள்? இத்தனைக்கும் வேகமாகப் போய் மிச்சப்படுத்துவது அற்பம், 40 கிலோமீட்டரை 60-க்குப் பதில் 70-இல் போனால் கணக்குப்படி ஆறு நிமிடம்கூட மிச்சமாகாது, அதையும் சிக்னல் தின்றுவிடும். ஆனால் சராசரி வேகம் 1 சதவீதம் கூடினாலே உயிர்ப்பலி விபத்து அபாயம் 4 சதவீதம் கூடுகிறது. தாமதமானால் கஸ்டமரிடம் பேசிச் சமாளிப்பது அலுவலகத்தின் வேலை என்று சொல்லிவிடுங்கள், பாதி அவசரம் அன்றைக்கே போய்விடும்.

அப்புறம் தூக்கம். இதை யாரும் கண்டுகொள்வதே இல்லை. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் நிதானம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிதானத்துக்குச் சமம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விடியற்காலை கிளம்பி, வெளியூரில் வேலை பார்த்து, ராத்திரி திரும்புகிறவர் சுலபமாக அந்த அளவைத் தொட்டுவிடுவார். அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் வர அனுமதி வேண்டும், அதுவும் யாரிடமும் கெஞ்சாமல் கிடைக்க வேண்டும். காபி குடித்துச் சமாளிக்கலாம் என்பவர்களுக்கு, அது வேலை செய்யவே அரை மணி நேரம் வரை ஆகும், அதற்குள் ஓரமாக நிறுத்தி 15, 20 நிமிடம் கண்ணயர்வது நல்லது.

பழைய_கியர்:
அந்தப் பரிசு யோசனையை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். பரிசு வைத்தால் விபத்து குறையாது, விபத்தைச் சொல்வதுதான் குறையும். சின்ன உரசல், மயிரிழையில் தப்பியது, இதெல்லாம் உங்கள் காதுக்கு வந்தால்தான் எந்தச் சாலையில், எந்த நேரத்தில், யாருடைய அட்டவணையில் கோளாறு என்று தெரியும். சொன்னவரைத் திட்டாதீர்கள், அது போதும்.

வகுப்பே வேண்டாம் என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். புதிதாகச் சேர்ந்தவரோடு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து போய், இடைவெளி விடுகிறாரா, கண்ணாடி பார்க்கிறாரா, மழையில் வேகத்தைக் குறைக்கிறாரா என்று பார்த்துச் சொல்லிக்கொடுப்பதில் நிச்சயம் பலன் உண்டு. ஹாலில் உட்கார வைத்துப் படம் காட்டுவதை நான் சொல்லவில்லை. சொந்த பைக்கில் போகிறவர்களையும் விட்டுவிடாதீர்கள், கம்பெனி காருக்கு சர்வீஸ் தேதி பார்க்கும் ஆள் அந்த பைக்கின் டயரையும் பிரேக்கையும் பார்ப்பதில்லை, ஓட்டுவது என்னவோ அதே கம்பெனி வேலைக்குத்தான். முறையாகச் செய்ய நினைத்தால் ஐஎஸ்ஓ 39001 என்று சாலைப் பாதுகாப்புக்கே ஒரு தரநிலை 2012-இல் வந்திருக்கிறது, சான்றிதழ் வாங்காவிட்டாலும் ஒருமுறை படியுங்கள்.

மழைக்குருவி:
நன்றி. போன் விஷயத்தை நாளையே மேலாளர்களிடம் பேசுகிறேன். ஜிபிஎஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே? வேவு பார்ப்பதாக ஆட்கள் கோபப்படுகிறார்கள்.

ஸ்டியரிங்:
கோபம் நியாயம்தான். என்ன பதிவாகிறது, யார் பார்ப்பார்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள், வேலை நேரம் முடிந்ததும் அணைத்துவிட வசதி வையுங்கள். திடீர் பிரேக், அதிவேகம் பற்றிய விவரம் முதலில் ஓட்டுபவருக்கே போகட்டும். ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப வந்தால், அவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவருக்கு அன்றைக்குக் கொடுத்த பட்டியலை எடுத்துப் பாருங்கள்.