கிரிகரி பெக்கின் இறுதிவாதம்: கத்தாமல் ஆறு நிமிடம் எப்படி நிற்கிறது?

ஒத்திகை:
வழக்கறிஞர் வேடத்துக்கு ஒரு தனிவசனம் தயாராகிறது. மாதிரியாக எடுத்தது 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1962) படத்தில் அட்டிகஸ் ஃபின்ச்சாக கிரிகரி பெக் ஜூரி முன் பேசும் இறுதிவாதம். வெள்ளைப் பெண் மேயெல்லாவை அடித்து வல்லுறவு செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பர் டாம் ராபின்சனுக்காக அவர் வாதாடுகிறார். ஆறு நிமிடத்துக்கு மேல் போகிறது, ஆனால் குரல் உயரும் இடங்கள் கொஞ்சம்தான். அதேபோல் தணிந்து பேசினால் இரண்டாம் நிமிடமே தொய்ந்துவிடுகிறது. ஏற்றிப் பேசினால் பொதுக்கூட்டம் ஆகிவிடுகிறது. எங்கே தவறு?

மூணாவது_வரிசை:
குரலில் இல்லை தவறு. வசனத்தை ஒரே துண்டாக மனப்பாடம் செய்தால் இப்படித்தான் ஆகும். கேட்டுப் பாருங்கள், ஜூரியிடம் அவர் கேட்பது மாறிக்கொண்டே போகும். முதலில் வெறும் கணக்கு: மருத்துவச் சான்று துளிகூட இல்லை, இருப்பது இரண்டு சாட்சிகளின் சொல் மட்டும். அடுத்து தடயம்: அடித்தவன் இடதுகைக்காரன், டாம் ராபின்சன் சத்தியம் செய்ததோ அவனுக்கு விளங்கும் ஒரே கையான வலக்கையால். அப்புறம் மேயெல்லாமீது இரக்கம், அந்த இரக்கத்துக்கு ஒரு எல்லை. அதன்பின்தான் "கறுப்பர் எல்லோரும் பொய்யர்" என்ற நினைப்பை நேரே தொடுகிறார். கடைசியில் நீதிமன்றம், கடமை.

ஸ்கிரிப்டில் இந்த இடங்களில் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் ஒரு முழு மூச்சு நிறுத்துங்கள். நிறுத்தத்தின்போது பார்வை வேறொரு ஜூரருக்கு மாறட்டும். கோபத்தை நான்காம் பகுதிவரை திறக்கவே கூடாது. இரக்கப் பகுதியிலேயே உருகிவிட்டால் அதற்குமேல் ஏற இடமிருக்காது. முடிவைக் கவனியுங்கள்: டாமை நம்புங்கள் என்ற கடைசி வேண்டுகோள் உச்சத்தில் வருவதில்லை, இறங்கி வருகிறது. கூண்டில் நின்று கர்ஜிப்பதைக் கேட்டுப் பழகிய காதுக்கு முதலில் சப்பென்று இருக்கும், பரவாயில்லை.

குறுக்கு_விசாரணை:
மேலே சொன்னது சரி, ஆனால் பாதிதான். அந்த அமைதியை அவர் முன்பே சம்பாதித்துவிட்டார். ஷெரிஃப் டேட் மேயெல்லாவின் காயம் இடக்கண்ணில் என்று தொடங்கி, வலப்பக்கம் என்று திருத்துகிறார், அதாவது எதிரே நின்று அடித்தவன் இடதுகைக்காரன். கழுத்தைச் சுற்றிலும் விரல் தடம், அதாவது இரண்டு கையும் வேலை செய்யவேண்டும். மேயெல்லாவின் அப்பா பாப் யூவெலைப் பெயர் எழுதச் சொன்னால் இடக்கையால் எழுதுகிறான். மேயெல்லா கூண்டில் இருக்கும்போதே அட்டிகஸ் டாமிடம் கண்ணாடி டம்ளரை வீசுகிறார், வலக்கையால் பிடிக்கிறான். இடக்கையால் பிடி என்றால் முடியாது. பன்னிரண்டு வயதில் பருத்தி அரவை எந்திரத்தில் சிக்கிய கை அது.

இதையெல்லாம் பார்த்துவிட்ட ஆளிடம் கத்தி நிரூபிக்க என்ன இருக்கிறது? தனிவசனமாக வெட்டி எடுத்தால் இந்த முதலீடு போய்விடும். குறைந்தது டம்ளர் காட்சியையாவது முன்னால் சேருங்கள், ஒன்றரை நிமிடம் போதும்.

இன்னொன்று. இறுதிவாதத்துக்குச் சற்று முன் அரசு வழக்கறிஞர் கேள்வியில் டாம், அந்தப் பெண்மேல் இரக்கப்பட்டேன் என்று சொல்லிவிடுகிறான். 1930-களின் அலபாமாவில், வெள்ளை ஆண்களே அமர்ந்த ஜூரி முன், அந்த ஒரு சொல் வழக்கையே கவிழ்த்துவிட்டது. (அந்த மாநிலத்தில் பெண்கள் ஜூரியில் உட்கார 1966 வரை ஆனது.) ஆகவே எழுந்து வருபவர் ஜெயித்த வக்கீல் இல்லை. உங்கள் நடிகர் வெற்றி நடை நடந்து வந்தால் முதல் வரியே பொய்யாகிவிடும்.

எதிர்த்தரப்பு:
ஒரு மறுப்பு. இந்த வேடத்தை மாதிரியாக எடுப்பதில் ஆபத்து உண்டு. பெக் கொடுத்திருப்பது வக்கீலைவிடக் கொஞ்சம் சிலைக்கு அருகில். சட்டப் பேராசிரியர் மன்ரோ ஃப்ரீட்மன் 1992-லேயே அட்டிகஸின் புனிதத்தைக் கேள்வி கேட்டார்: நீதிபதி நியமித்ததால்தானே வழக்கை எடுத்தார், தானாகப் போய் எதை மாற்றினார் என்று. அந்த நெருடலை நடிகர் உள்ளே வைத்துக்கொண்டால் பாத்திரம் மனிதனாகும்.

ஒத்திகை:
நன்றி. கைக்கு என்ன வேலை கொடுப்பது? மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம் இரண்டும் வைத்திருக்கிறோம்.

மூணாவது_வரிசை:
ஒன்றை எடுத்துவிடுங்கள். அதுவும் கைக்கடிகாரமா? அந்தக் காலத்து வக்கீலுக்குச் சங்கிலி போட்ட பாக்கெட் கடிகாரம்தான் பொருந்தும். (நாவலாசிரியர் ஹார்பர் லீ தன் தந்தையின் பாக்கெட் கடிகாரத்தைப் பெக்குக்குக் கொடுத்தார். பெக் ஆஸ்கர் வாங்கிய 1963 இரவில் அது அவரிடம் இருந்தது.) நாவலில் அட்டிகஸ் வாதத்தின் நடுவே கோட்டைக் கழற்றி டையைத் தளர்த்துகிறார். படத்தில் பெக் கோட்டோடுதான் பேசுகிறார். உங்கள் நடிகரும் கோட்டைக் கழற்றவேண்டாம். கழற்றினால் கூட்டம் அதைத்தான் பார்க்கும், அடுத்த இரண்டு வரி காதில் விழாது.