பாடத்திட்டக் குழு உறுப்பினர் மாற்றம்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் வேதியியல் துறைத் தலைவராக இருக்கிறேன். எங்கள் பாடத்திட்டக் குழுவின் வெளி நிபுணர்கள் இருவர், தொழில்துறைப் பிரதிநிதி, முன்னாள் மாணவர் ஆகிய அனைவரின் 3 ஆண்டுப் பதவிக்காலமும் வரும் மே மாதத்தில் ஒரே நாளில் முடிகிறது. துணைவேந்தர் நியமிக்கும் நிபுணருக்காக 6 பெயர்கள் கொண்ட பட்டியலை முதல்வர் அனுப்பிவிட்டார், அதில் சிக்கலில்லை. சென்ற முறை எல்லோரும் ஒருசேர மாறியபோது, கனிம வேதியியல் செய்முறை நேரத்தை ஏன் குறைத்தோம் என்று புதியவர்கள் கேட்டனர். கூட்டக் குறிப்பேட்டில் ‘ஒருமனதாக ஏற்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியே இருந்தது. (காரணம் எனக்கே நினைவில்லை.) ஆகவே, உறுப்பினர்களில் பாதிப் பேரை ஓராண்டு இடைவெளியில் மாற்றும் முறையைப் பின்பற்றும் கல்லூரிகள் இருந்தால், அதற்குக் கல்லூரியின் கல்விசார் முடிவுகளுக்கு ஒப்புதல் தரும் உயர் குழுவான அகாடமிக் கவுன்சிலின் ஒப்புதலை எவ்வாறு பெற்றீர்கள் என்று தெரிவிக்கவும், தீர்மான வாசகத்தின் மாதிரியைப் பகிரவும் வேண்டுகிறேன்.