புதுப்பிப்பு: ஆச்சியின் பழைய கேசட்டிலிருந்து குரல் கிடைத்துவிட்டது

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. 91 வயதில் போன எங்கள் தாராவி ஆச்சி, 1984இல் மஸ்கட்டிலிருந்த மாமாவுக்குப் பேசி அனுப்பிய 'கேசட் கடிதம்' சரியாக ஓடவில்லை, முதல் நினைவு நாளுக்குள் எடுக்க முடியுமா என்று கேட்டிருந்தேன்.

பலன் தந்தது, பதில் எழுதியவர்களில் மாட்டுங்கா அண்ணன் சொன்ன வழி. டேப்பை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு உள்ளே கழன்று கிடந்தது. பழைய கூடு ஒட்டியது, திருகாணி கிடையாது. ஓரத்தைக் கத்தியால் மெல்லப் பிளந்து, இரண்டு சுருளையும் திருகாணி வைத்த வேறொரு கேசட் கூட்டுக்கு மாற்றினோம். குரல் வந்தது, ஆனால் மங்கலாக. பிளேயரில் டேப்பைப் படிக்கும் ஹெட் பக்கத்துத் திருகாணியை மிகக் கொஞ்சம் திருப்பியதும் 'ச', 'ஸ' எல்லாம் தெளிந்தன. பிறகு லேப்டாப்பில் லைன்-இன் (வெளி ஒலியை உள்ளே எடுக்கும் துளை) வழியாக ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகப் பதிந்தோம்.

எதிர்பாராதது கேசட்டின் மறுபக்கத்தில் இருந்தது. இடுப்பில் கைக்குழந்தையோடு மும்பை போரிபந்தர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியதையும், விடியுமுன் இட்லி அவித்துத் தூக்குச்சட்டியில் தெருத்தெருவாக விற்றதையும் ஆச்சி நிதானமாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கைக்குழந்தை என் அம்மா. அம்மாவுக்கே தெரியாத கதை. நினைவு நாளில் எல்லாரும் உட்கார்ந்து முழுதும் கேட்டோம். அம்மா மறுபடி போடச் சொன்னார்.

இதே வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் கேசட்டின் மேல்விளிம்பிலுள்ள இரண்டு சின்னத் தடுப்புகளையும் உடைத்துவிடுங்கள். தவறி மேலே எதுவும் பதிவாகாது.