நினைவூட்டல் செயலி: திரை அணைந்தபின் ஒலி வருவதில்லை

கேள்வி

மருந்து வேளைகளை நினைவூட்டும் செயலி ஒன்றை ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டுக்குமாக எழுதி வருகிறேன். குறித்த நேரம் வந்ததும் செயலிக்குள் ஓடும் டைமர் ஓர் எம்பி3 கோப்பை ஒலிக்கச் செய்கிறது. செயலி திறந்திருக்கும்வரை எல்லாம் சரியாக நடக்கிறது. திரை அணைந்து சற்று நேரமாகிவிட்டால் ஒலி வருவதில்லை, அல்லது கைபேசியை மறுபடி எடுத்துத் திறக்கும்போதுதான் வருகிறது. முதியவர்கள் இதை நம்பி மருந்து சாப்பிடப் போகிறார்கள் என்பதால் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. எதை மாற்ற வேண்டும்?

பதில் 1

டைமரைக் கைவிட்டுவிடுங்கள். பின்னணிக்குப் போன செயலியை இயங்குதளம் உறங்க வைத்துவிடும். அதற்குள் இருக்கும் டைமரும் கூடவே உறங்கிவிடும். நேரத்தை இயங்குதளத்திடமே ஒப்படைப்பதுதான் வழி: ஆண்ட்ராய்டில் அலாரம் மேனேஜர், ஐஓஎஸ்ஸில் லோக்கல் நோட்டிபிகேஷன் (செயலி கைபேசியிலேயே முன்கூட்டிப் பதிந்துவைக்கும் அறிவிப்பு). துல்லியமான அலாரத்துக்கு ஆண்ட்ராய்டு 12 முதல் தனி அனுமதி உண்டு. ஆண்ட்ராய்டு 14இல் புதிதாக நிறுவப்படும் பெரும்பாலான செயலிகளுக்கு அது தொடக்கத்திலேயே மறுக்கப்பட்டிருக்கும் என்பதால், காரணத்தை விளக்கிப் பயனரிடம் கேட்டுப் பெற வேண்டும். கைபேசியை அணைத்து மீண்டும் இயக்கினால் பதிவான அலாரங்கள் அழிந்துவிடும். அவற்றை மறுபடி பதிவதற்கான நிரலையும் இப்போதே எழுதிவிடுங்கள்.

பதில் 2

ஒலிக்கோப்பையும் கவனியுங்கள். ஐஓஎஸ் நோட்டிபிகேஷனுக்கு எம்பி3 வேண்டாம்; வேவ், ஏஐஎஃப்எஃப் அல்லது சிஏஎஃப் கோப்பாக மாற்றி, 30 விநாடிக்குள் அடக்குங்கள், மீறினால் வழக்கமான ஒலியே கேட்கும். ஆண்ட்ராய்டு 8 முதல் ஒலி நோட்டிபிகேஷன் சேனலோடு, அதாவது ஒரு வகை அறிவிப்புகளுக்கான அமைப்புகளின் தொகுப்போடு, இணைந்தது. சேனலை உருவாக்கிய பிறகு அதன் ஒலியை நிரலால் மாற்ற முடியாது. நீக்கிவிட்டு அதே அடையாளத்தில் (ஐடி) திரும்ப உருவாக்கினாலும் பழைய அமைப்பே உயிர்பெறும். புதிய ஒலிக்குப் புதிய அடையாளத்துடன் வேறு சேனல் வேண்டும். இது தொல்லையாகத் தோன்றினாலும், தன் கைபேசியில் எது எப்படி ஒலிக்க வேண்டும் என்ற முடிவு பயனருடையதே என்பதால் நியாயமான விதி என்றே கருதுகிறேன்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கைபேசி சைலன்ட் நிலையில் இருந்தால் என்ன ஆகும்?

பதில் 1

ஆண்ட்ராய்டில் சேனலின் ஒலிப் பயன்பாட்டை அலாரம் என்று குறித்தால், ஒலி அலாரத்துக்குரிய அளவில் வரும். ரிங்டோன் அடங்கியிருந்தாலும் கேட்கும். ஐஓஎஸ்ஸில் சாதாரண நோட்டிபிகேஷன் சைலன்ட் நிலையை மீறாது. அதை மீறும் கிரிட்டிக்கல் அலர்ட்டுக்கு ஆப்பிளிடம் முன் அனுமதி பெற வேண்டும். ஐஓஎஸ் 26இல் வந்துள்ள, செயலிகள் அலாரம் வைப்பதற்கான அலாரம்கிட் என்ற நிரல் தொகுப்பு உங்கள் தேவைக்கு இன்னும் பொருத்தமானது. பழைய பதிப்புகளுக்கும் எழுதுகிறீர்கள் என்றால் ஒன்றை மறவாதீர்கள்: ஒரு செயலிக்கு 64 லோக்கல் நோட்டிபிகேஷன்கள் மட்டுமே காத்திருப்பில் நிற்கும். மாதம் முழுவதற்கும் மொத்தமாகப் பதியாமல், அடுத்த சில நாட்களுக்கு மட்டும் பதிந்து, செயலி திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் பட்டியலை நிரப்புங்கள். தினமும் ஒரே நேரத்தில் வரும் வேளைகளுக்குத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஒரே பதிவு போதும்.