டம்மி டக் (தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டியெடுத்து, விலகிய தசையைச் சேர்த்துத் தைக்கும் ஆபரேஷன்) செய்துகொண்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மழைத்துளி:
எனக்கு இரண்டும் சிசேரியன். கொழுப்பைவிடத் தசை விலகல்தான் பிரச்சினை, எந்த உடற்பயிற்சிக்கும் சேரவில்லை. போன ஆவணியில் செய்துகொண்டேன். தழும்பு, பெல்ட் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கு மறக்காதது ஒன்று. வீட்டுக்கு வந்த மறுநாள், கூன் போட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். சின்னவன் ஓடிவந்து இரண்டு கையையும் உயர்த்தி, "அம்மா, தூக்கு" என்கிறான். ஆறு வாரம் எடை தூக்கக் கூடாது. மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்வது? கையை இறக்காமல் அப்படியே நின்றான். அப்புறம் தானே போய் வாசலில் என் செருப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

தாமரை:
எனக்கு மறக்காதது டிரெய்ன் குழாய்தான், உள்ளே ஊறும் நீரை வெளியே எடுக்க வைப்பது. அடிவயிற்றில் இரண்டு பக்கமும் குட்டிக் குடுவை தொங்கும். காலையும் மாலையும் அளவுக் கோப்பையில் ஊற்றி, எத்தனை மில்லி என்று நோட்டில் எழுதுவேன். முதலில் சிவப்பு, போகப் போக வைக்கோல் நிறம். ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்தால் எடுக்கலாம் என்றார்கள். ஒன்பதாம் நாள் 26. குழாயை உருவும்போது உள்ளே ஏதோ நீளமாக இழுபட்டது. வலி என்று சொல்ல முடியாது. ஆனால் இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

திருச்சிக்காரி:
மழைத்துளி, வீட்டுக்கு வந்துதான் நடந்தீர்களா? எனக்கு அன்று சாயங்காலமே எழுப்பிவிட்டார்கள். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டும், அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இனிமேல் செய்பவர்களுக்குச் சொல்கிறேன்: இது எடை குறைக்கும் ஆபரேஷன் இல்லை. எடை ஒரு நிலைக்கு வந்த பிறகு, பிள்ளை பெற்று முடித்த பிறகு செய்யுங்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் பல வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தையல் போட்ட தோல் கருகிப்போகலாம். முட்டிக்கு அடியில் தலையணை வைத்து, முதுகைச் சற்று உயர்த்திப் படுங்கள். நிமிர அவசரப்படாதீர்கள். ஒரு கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். என் கதையா? தொப்புளுக்குக் கீழே மரத்துப்போயிருந்தது. இடுப்பு வலிக்கிறதே என்று வெந்நீர்ப் பையை அணைத்துப் படுத்தேன். காலையில் துணி மாற்றும்போதுதான் கொப்புளத்தைப் பார்த்தேன். சூடு கொஞ்சம்கூடத் தெரியவில்லை.

மழைத்துளி:
அக்கா, என்னையும் ஆஸ்பத்திரியிலேயே நடக்க வைத்தார்கள். நான் எழுதியது நடையைப் பற்றி இல்லை. ஐந்து மாதம் ஆயிற்று, இப்போது நன்றாகவே தூக்கலாம். அவன்தான் கேட்பதில்லை.