பாட்டியின் டிவிடி பிளேயரில் ஓடுகிற மாதிரி டிஸ்க் எழுதுவது எப்படி?

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பா கேம்கார்டரில் எடுத்த மினிடிவி (MiniDV) என்ற சின்ன வீடியோ கேசட்டுகள் பதினொன்று எங்களிடம் இருக்கின்றன. தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதி, அக்காவின் சடங்கு, இப்போது இடித்துவிட்ட எங்கள் லயத்து வீடு, அதன் வாசலில் தாத்தா சைக்கிள் துடைப்பது எல்லாம் அதில்தான். தாத்தாவின் குரல் வேறெங்கும் இல்லை. பாட்டிக்குக் கைப்பேசியில் கண் தெரியாது. அவருக்குப் பழகியது டிவிடி பிளேயர் மட்டும்தான்.

ஃபயர்வயர் கேபிளில் கணினிக்கு ஏற்றிவிட்டேன். ஒரு மணி நேர கேசட் சுமார் 13 ஜிபி. எம்பி4 ஆக்கி எழுதிய டிஸ்க் கணினியில் ஓடியது, பாட்டி வீட்டில் ஓடவில்லை. எம்பெக்-2 என்ற வீடியோ வடிவத்துக்கு மாற்றி, வீடியோ டிவிடி அமைப்பில்தான் எழுத வேண்டுமாம். நம் நாட்டுக்கு பால் (PAL) என்ற வீடியோ முறை: படம் 720-க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 ஃபிரேம்.

டிவிடி ஸ்டைலர் என்ற டிவிடி தயாரிக்கும் மென்பொருளில் அப்படியே செய்தேன். படம் வந்தது. ஆனால் யாராவது நடந்தாலே உருவம் முன்னும் பின்னும் உதறுகிறது. தீமிதியைப் பார்க்கவே முடியவில்லை. ஒவ்வொரு ஃபிரேமும் ஒன்றுவிட்டு ஒன்றான வரிகள் கொண்ட இரண்டு பாதிகளாக (ஃபீல்டு) பதிவாகிறது; இந்தக் கேசட்டுகளில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். மாற்றும்போது அந்த வரிசை புரண்டுவிட்டதா? எங்கே சரிசெய்வது?

இன்னொன்று: 4.7 ஜிபி டிஸ்கில் இரண்டு கேசட் போட்டால் தெளிவு ரொம்பக் குறையுமா? ஈப்போ பக்கம் நல்ல டிவிடி-ஆர் டிஸ்க் எங்கே கிடைக்கும்?

தீபாவளிக்கு எல்லாரும் பாட்டி வீட்டில் கூடுகிறோம். அதற்குள் தாத்தா இருக்கும் கேசட்டையாவது முடிக்க வேண்டும். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.