இடுப்பில் 'டொக்' சத்தம், இப்போது வலியும்: ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

சலங்கை24:
பரதம் ஆடுகிறேன். தூக்கிய காலைக் கீழே இறக்கும்போதெல்லாம் வலது தொடை இடுக்கில் 'டொக்' என்று சத்தம், பக்கத்தில் நிற்பவருக்கே கேட்கும். முன்பு சத்தம் மட்டும்தான். இப்போது வலியும் சேர்ந்துவிட்டது, காரிலிருந்து இறங்கக் காலை எடுத்து வைத்தாலே சுருக்கென்கிறது. பல மாதம் பிசியோதெரபி செய்தும் பெரிதாகக் குறையவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம். தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாரை) வெட்டித் தளர்த்தலாம் என்கிறார் டாக்டர். மறுபடி ஆட முடியுமா?

பிசியோ_மதுரை:
சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்தார்களா? பக்கவாட்டில் என்றால் ஐடி பேண்ட் (தொடையின் வெளிப்பக்கம் ஓடும் பட்டை போன்ற திசு), தொடை எலும்பின் மேல்புடைப்பைத் தாண்டித் துள்ளும், அது கண்ணுக்கே தெரியும். உங்களுடையது முன்பக்கம், அதனால் இலியோசோவாஸ் (இடுப்பின் முன்பக்கத் தசை) தசைநாணாக இருக்கலாம். மூட்டுக்குள் லேப்ரம் (மூட்டுக் குழியின் விளிம்பில் இருக்கும் குருத்தெலும்பு வளையம்) கிழிந்திருந்தாலும் இப்படித்தான் சத்தம் வரும், அதை எக்ஸ்ரே காட்டாது. காலை அசைக்கச் சொல்லிக்கொண்டே அல்ட்ராசவுண்ட் பார்ப்பார்கள், அதோடு எம்ஆர்ஐயும் எடுங்கள். தசைநாணை ஒட்டி ஊசி போட்டு வலி அடங்கினால் இடம் அதுதான் என்று ஓரளவு நம்பலாம். வலியில்லாத வெறும் சத்தத்துக்கு யாரும் கத்தி வைக்கக் கூடாது, உங்கள் கதை வேறு.

ஓட்டக்காரன்:
எனக்குப் பக்கவாட்டு வகை. பேண்டை இசட் வடிவில் வெட்டி நீளமாக்கித் தைத்தார்கள். சில வாரம் ஊன்றுகோல், அப்புறம் மெதுவாக நடை. சத்தம் போய்விட்டது, ஆனால் ஓட ஆரம்பிக்க நான் நினைத்ததைவிட ரொம்ப நாள் ஆயிற்று.

எலும்பு_பிஜி:
முன்பக்க வகையில் இப்போது பெரும்பாலும் ஆர்த்ரோஸ்கோபியில், அதாவது கேமரா விட்டு, சிறு துளை வழியாகவே தசைநாணைத் தளர்த்துகிறார்கள், உள்ளே லேப்ரம் கிழிந்திருந்தால் அதையும் அப்போதே சரிசெய்யலாம். ஆனால் இலியோசோவாஸ்தான் தொடையைத் தூக்கும் முக்கியத் தசை. வெட்டிய பிறகு கொஞ்ச காலம் கால் தூக்குவதில் பலம் குறையும், பலருக்கு மாதக்கணக்கில் திரும்பிவிடும், சிலருக்கு முழுதாகத் திரும்பாது. ஆடுகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. இன்னொன்று, இடுப்புக் கிண்ணம் (தொடை எலும்பின் தலை உட்காரும் குழி) ஆழம் குறைவாக இருந்தாலோ தொடை எலும்பின் கழுத்து அளவுக்கு மீறி முன்பக்கம் திரும்பியிருந்தாலோ அந்தத் தசைநாண்தான் மூட்டை முன்னால் தாங்கிக்கொண்டிருக்கும், அதை வெட்டினால் மூட்டு நிலையில்லாமல் போகலாம். எக்ஸ்ரேயில் 'ஒன்றுமில்லை' என்றவர் இந்தக் கோணங்களையும் அளந்து பார்த்தாரா என்று கேளுங்கள்.

சலங்கை24:
அளந்ததாக ரிப்போர்ட்டில் இல்லை. ஊசியும் போடவில்லை. திங்கட்கிழமை ரிப்போர்ட்டோடு போய்க் கேட்கிறேன், ஆபரேஷன் தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டேன்.